அமெரிக்காவின் தாஹோ ஏரிக்கரையில் சொந்த மனைக்கும் ஏன் இத்தனை கட்டுப்பாடு?

“சொந்தப் பணத்தில் வாங்கிய மனை, கார் நிறுத்த சிமெண்ட் தளம் போடக்கூட ஏன் அனுமதி?” என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சிமெண்ட் தளம்தான் விஷயமே.

ஏரி நீரின் தெளிவை அளக்க, ஆய்வாளர்கள் ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி ஏரிக்குள் இறக்குவார்கள். அது கண்ணிலிருந்து மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்வார்கள். 1968இல் ஏறத்தாழ 31 மீட்டர் வரை தெரிந்தது. அண்மை ஆண்டுகளில் 20 மீட்டரை ஒட்டியே நிற்கிறது. அந்தக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

மண்ணில் விழும் மழைநீர் ஊறி இறங்கும். தளத்திலும் சாலையிலும் விழுவது, கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களை வாரிக்கொண்டு ஏரிக்கு ஓடும். அவை எளிதில் படியாமல் மிதந்து ஒளியைச் சிதறடிக்கும். 63 ஓடைகள் உள்ளே வருகின்றன. வெளியேறுவது டிரக்கி ஆறு ஒன்றுதான். ஒரு துளி வெளியேற சராசரியாக 600 ஆண்டுகளுக்கு மேலாகும். இன்று கலங்கியதை நாளையே கழுவிவிட முடியாது.

ஏரியில் மூன்றில் இரண்டு பங்கு கலிபோர்னியாவிலும் மீதி நெவாடாவிலும் இருக்கிறது. ஒரு கரை கட்டிக்காத்து மறுகரை கைவிட்டால் பயனில்லை. ஆகவே 1969இல் இரு மாநில ஒப்பந்தத்துக்கு அமெரிக்க நாடாளுமன்றம் இசைவு தர, இங்கே கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் தாஹோ வட்டாரத் திட்டமிடல் முகமை உருவானது. 1980இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டு, அதன் கை வலுவானது.

உள்ளூர்க்காரர்களின் வருத்தமும் நியாயமானதே. கட்டுமானம் குறைய, வீட்டு விலை ஏறுகிறது. விடுதிகளில் உழைப்பவர்கள் ஏரி இருக்கும் மலைப்பகுதிக்கு வெளியே குடியிருந்து தினமும் மலையேறி வருகிறார்கள். அவர்களுக்கான வீடுகளை ஏற்கெனவே தளம் போட்ட இடங்களிலேயே கட்ட வேண்டும் என்பது என் கருத்து.