திருட்டு கார் என்று தெரியாமல் வாங்கினேன். நான் சாட்சியா, குற்றவாளியா?

கேள்வி: பதினான்கு மாதங்களுக்கு முன்பு தரகர் ஒருவர் மூலம் பழைய கார் வாங்கினேன். அது வேறு மாநிலப் பதிவு. தடையில்லாச் சான்று பெற்று, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் என் பெயருக்கு மாற்றிவிட்டேன். விலையில் பெரும்பகுதி வங்கிக் கடன். மீதியைத் தரகர் ரொக்கமாகக் கேட்டதால் அப்படியே கொடுத்தேன். சென்ற வாரம் வெளிமாநிலக் குற்றப்பிரிவுப் போலீசார் வந்து, சேஸிஸ் எண் உள்ள இடத்தைச் சுரண்டிப் பார்த்து, எண் மாற்றி அடிக்கப்பட்டிருக்கிறது, இது கார் திருட்டுக் கும்பல் விற்ற வண்டி என்று சொல்லிக் காரை எடுத்துச் சென்றார்கள். விசாரணைக்கு அங்கே வரும்படி வாட்ஸ்ஆப்பில் ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. தரகர் போனை எடுப்பதில்லை. அவருடைய ஆள் ஒருவர் அழைத்து, "எங்கள் பெயரைச் சொல்லாதீர்கள், முன்பின் தெரியாத ஒருவரிடம் நேரடியாக வாங்கியதாகச் சொல்லுங்கள், பணத்தைத் திருப்பித் தருகிறோம்" என்கிறார். என்னைக் கைது செய்வார்களா? கார் திரும்பக் கிடைக்குமா?

பதில்: தங்கள் கடிதத்தின் கடைசியில் உள்ள விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தாங்கள் இந்த வாரமே தவறு செய்துவிடக்கூடிய இடம் அதுதான். தரகரின் ஆள் சொல்லிக்கொடுத்ததில் ஒரு சொல்லைக்கூடப் போலீசாரிடம் சொல்லாதீர்கள்; அவர் தரும் பணத்தையும் கையால் தொடாதீர்கள். குற்றம் செய்தவரைக் காப்பாற்றுவதற்காகத் தெரிந்தே பொய்த் தகவல் தருவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 238-ஆம் பிரிவில் தனிக் குற்றம். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. இன்றைக்குத் தாங்கள் ஏமாற்றப்பட்டவர். அந்தப் பொய்யைச் சொன்ன பிறகு, "இவருக்கு எல்லாம் முன்பே தெரியும், அதனால்தான் மறைக்கிறார்" என்று வாதிட அரசுத் தரப்புக்குத் தாங்களே ஆதாரம் கொடுத்தவர் ஆகிவிடுவீர்கள். அந்த அழைப்பு வந்த நாள், நேரம், எண் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். தரகருடன் பேசிய வாட்ஸ்ஆப் செய்திகளில் ஒன்றையும் அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி உரிய சான்றிதழுடன் அவற்றை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய முடியும்.

ஆர்.டி.ஓ. அலுவலகமே பெயர் மாற்றிக் கொடுத்த வண்டி எப்படித் திருட்டு வண்டி ஆகும் என்ற குழப்பம் தங்கள் கடிதம் முழுவதும் தெரிகிறது. இத்தகைய கும்பல்கள் வழக்கமாகச் செய்வது இதுதான். விபத்தில் நொறுங்கி, காப்பீட்டு நிறுவனம் டோட்டல் லாஸ் என்று கழித்துக் கட்டிய காரைக் குறைந்த விலைக்கு வாங்குவார்கள். அவர்களுக்கு வேண்டியது அந்த இரும்பு அல்ல, அதன் ஆர்.சி.யும் சேஸிஸ் எண்ணும்தான். பிறகு அதே மாடலில், அதே நிறத்தில் ஒரு காரைத் திருடி, அதன் எண்ணைத் தேய்த்து எடுத்துவிட்டு, நொறுங்கிய காரின் எண்ணை அதில் அடிப்பார்கள். காகிதம் அசல், எண் அசல், வண்டி மட்டும் வேறு. ஆன்லைனில் எத்தனை முறை சோதித்தாலும் கோளாறு எதுவும் தெரியாது. ஏனென்றால், பதிவேட்டில் இருப்பது திருடு போன காரின் எண் அல்ல.

தங்கள் காரில் அந்த அதிகாரிகள் சுரண்டிப் பார்த்ததற்குக் காரணமும் இதுவே. தொழிற்சாலையில் அடிக்கப்படும் 17 இலக்கச் சேஸிஸ் எண் ஒரே ஆழத்தில், ஒரே இடைவெளியில் இருக்கும். கையால் அடித்தால் ஒரு எழுத்து சற்றே ஏறி, இன்னொன்று சாய்ந்து நிற்கும். சுற்றியுள்ள பெயிண்ட் மட்டும் புதிதாக இருக்கும். மேற்பரப்பைத் தேய்த்துவிட்டாலும், முதலில் எண் அடித்தபோது நசுங்கிய உலோகம் அடியில் அப்படியே இருக்கும். தடய அறிவியல் ஆய்வகத்தில் அந்த இடத்தை மெருகேற்றி அமிலக் கரைசல் தடவினால் பழைய எண் பெரும்பாலும் மங்கலாகவேனும் மேலே வரும். பல கார்களின் எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினியிலும் அசல் எண் பதிந்திருக்கும். அதைக் கொண்டு உண்மையான உரிமையாளரையும், அவர் கொடுத்த புகாரையும் கண்டுபிடிப்பார்கள். அங்கிருந்து முன்னோக்கி வந்தால் வாங்கியவர், அவரிடமிருந்து பின்னோக்கிப் போனால் தரகர், பதிவு ஏஜென்ட், எண் அடித்தவர், சாவி செய்தவர், திருடியவர். இந்தச் சங்கிலியில் போலீசாருக்கு முதலில் அகப்படும் கண்ணி பெரும்பாலும் தங்களைப் போன்றவர்தான். ஒளிந்துகொள்ளாமல் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி வைத்திருப்பவர் வாங்கியவர் மட்டுமே.

இனி, கைது பற்றி. திருட்டுப் பொருளை வைத்திருப்பது மட்டுமே புதிய தண்டனைச் சட்டத்தின் 317(2)-ஆம் பிரிவில் குற்றம் ஆகாது. நேர்மையற்ற எண்ணத்துடன், அது திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்புவதற்குப் போதிய காரணம் இருந்தோ பெற்றிருக்க வேண்டும். தண்டனை 3 ஆண்டு வரை. குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் நாள் 2024 ஜூலை 1-க்கு முந்தையது என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 411-ஆம் பிரிவு பொருந்தும், சாரம் ஒன்றே. தங்கள் வழக்கு முழுவதும் அந்தப் "போதிய காரணம்" என்ற சொல்லைச் சுற்றியே நிற்கும். வங்கி ஆவணங்களைச் சரிபார்த்துக் கடன் கொடுத்திருக்கிறது, தாங்கள் பெயர் மாற்றத்துக்கு வெளிப்படையாக விண்ணப்பித்திருக்கிறீர்கள், காப்பீடு எடுத்திருக்கிறீர்கள், பதினான்கு மாதம் ஒளிவுமறைவின்றி ஓட்டியிருக்கிறீர்கள். இவை யாவும் தங்கள் பக்கம். தங்களுக்கு எதிராக எழுப்பப்படக்கூடியவை இரண்டு: ரொக்கமாகக் கொடுத்த பகுதி, விலை சந்தை மதிப்பைவிடப் பெரிதும் குறைவாக இருந்ததா என்பது. ரொக்கத்தைத் தங்கள் கணக்கிலிருந்து எடுத்த நாளைக் காட்டும் வங்கி அறிக்கையையும், அந்தக் காலத்தில் அதே மாடல் கார்கள் விற்ற விலையைக் காட்டும் விளம்பரங்களையும் இப்போதே திரட்டிக்கொள்ளுங்கள்.

இதைச் சாதாரணத் திருட்டு வழக்கு என்று எண்ணி அசட்டையாக இருந்துவிடவும் கூடாது. புதிய தண்டனைச் சட்டத்தின் 111-ஆம் பிரிவு, திட்டமிட்ட குற்றங்களின் பட்டியலில் வாகனத் திருட்டைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. கும்பலைச் சேர்ந்தவர்கள்மீது கடந்த 10 ஆண்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகைகள் தாக்கலாகி, நீதிமன்றம் அவற்றை ஏற்றிருந்தால் இப்பிரிவைப் பயன்படுத்தலாம். அதன் 6-ஆம் உட்பிரிவு, அத்தகைய குற்றத்தில் கிடைத்த சொத்தை வைத்திருப்பவருக்குக் குறைந்தபட்சம் 3 ஆண்டு சிறையும் 2 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கிறது. அந்த வாசகத்தில் "தெரிந்தே" என்ற சொல் இல்லை. ஏதும் அறியாமல் வாங்கியவர்மீது அதைப் பாய்ச்சக் கூடாது என்று வழக்கறிஞர்கள் வாதிடுவோம், அந்த வாதம் வலுவானது என்பதே என் கருத்து. ஆயினும் முதல் தகவல் அறிக்கையில் அந்தப் பிரிவு இருக்கிறதா என்று பார்க்காமல் தாங்கள் வெளிமாநிலம் புறப்படக் கூடாது. அறிக்கையின் நகலைப் பெறுவதே தங்கள் வழக்கறிஞரின் முதல் வேலை.

நோட்டீஸ் எந்தப் பிரிவில் வந்தது என்பதையும் பாருங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179-ஆம் பிரிவு என்றால் தங்களைச் சாட்சியாக அழைக்கிறார்கள்; அந்த அதிகாரம் நோட்டீஸ் அனுப்பிய அதிகாரியின் காவல் நிலைய எல்லைக்கும் அடுத்த நிலைய எல்லைக்கும் உட்பட்டவர்களுக்கே பொருந்தும். 35(3) என்றால் தங்கள்மீது சந்தேகம் இருக்கிறது என்று பொருள். அந்த நோட்டீசுக்கு ஒழுங்காக ஆஜராகி ஒத்துழைக்கிறவரை, காரணத்தை எழுத்தில் பதிவு செய்யாமல் கைது செய்ய முடியாது. ஆஜராகாவிட்டால் அதுவே கைதுக்கு வழி திறக்கும். இத்தகைய நோட்டீசை வாட்ஸ்ஆப்பில் அனுப்புவது சட்டப்படியான சேர்ப்பித்தல் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவுபடுத்தியிருக்கிறது. அதற்காக மௌனமாக இருந்துவிடாதீர்கள். நோட்டீசை முறைப்படி சேர்ப்பிக்கும்படியும், ஒத்துழைக்கத் தாங்கள் தயாராக இருப்பதாகவும், எந்தெந்த ஆவணங்கள் கையில் இருக்கின்றன என்பதையும் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 35(3) நோட்டீஸ் என்றாலோ, 111-ஆம் பிரிவு சேர்க்கப்பட்டிருந்தாலோ, புறப்படுவதற்கு முன்பே இங்குள்ள அமர்வு நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ இடைக்கால முன்ஜாமீன் கேளுங்கள். வேறு மாநிலத்தில் பதிவான வழக்குக்கும் குறுகிய காலத்துக்கு அப்படி வழங்கலாம் என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

விசாரணையின்போது நடந்ததை நடந்தபடி, தேதி வரிசையில் சொல்லுங்கள். நினைவில்லாததை நினைவில்லை என்றே சொல்லுங்கள். அதிகாரி எடுத்துக்கொடுக்கும் தேதியை ஏற்று நிரப்பாதீர்கள். புலனாய்வில் போலீசாரிடம் தரும் வாக்குமூலத்தில் கையெழுத்துக் கேட்டால், நடைமுறைச் சட்டத்தின் 181-ஆம் பிரிவின்படி அது தேவையில்லை என்று மரியாதையாகச் சொல்லலாம். ஆவணங்களின் அசலை ஒப்படைக்க நேர்ந்தால் ஒப்புகை பெறாமல் கொடுக்காதீர்கள். காரை எடுத்துச் சென்ற அன்று மகஜர் (கைப்பற்றியதைப் பதிவு செய்யும் ஆவணம்) நகல் கொடுத்தார்களா என்று தாங்கள் எழுதவில்லை. கொடுக்கவில்லை என்றால் உடனே கேளுங்கள். அதே சட்டத்தின் 106-ஆம் பிரிவின்கீழ் கைப்பற்றிய பொருளைப் பற்றி நீதித்துறை நடுவருக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டியது அதிகாரியின் கடமை. எந்த நடுவருக்குத் தெரிவித்தார் என்பது தெரிந்தால்தான் நாம் எங்கே மனுப் போடுவது என்று முடிவு செய்ய முடியும்.

கார் விஷயத்தில் தங்களுக்கு ஆறுதலான பதில் என்னிடம் இல்லை. விற்பவருக்கு இல்லாத உரிமையை வாங்குபவர் பெற முடியாது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 27-ஆம் பிரிவில் இதைத்தான் சொல்கிறது. ஆர்.சி.யில் தங்கள் பெயர் இருப்பது பதிவுக்கு அத்தாட்சியே தவிர, திருடனிடமிருந்து வந்த வண்டியை அது தங்களுடையது ஆக்காது. திருடு கொடுத்தவரோ, அவருக்கு இழப்பீடு கொடுத்து உரிமையைப் பெற்ற காப்பீட்டு நிறுவனமோ கேட்டால், இடைக்காலப் பொறுப்பு அவர்களுக்கே கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம். அசல் எண் மீளாமல், உரிமை கோரி யாரும் வராமல் போனால் மட்டும் தங்களுக்கு ஒரு வழி உண்டு. சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம், வண்டிகளைக் காவல் நிலையத்தில் நீண்ட நாள் போட்டு வைப்பதில் பயனில்லை என்று சொன்னது. அதைச் சுட்டி, நடைமுறைச் சட்டத்தின் 497 அல்லது 503-ஆம் பிரிவில், விற்கவோ மாற்றவோ மாட்டேன் என்ற பிணைப்பத்திரத்துடன் கேட்டுப் பார்க்கலாம்.

ஆகவே தங்கள் உழைப்பு முழுவதும் பணத்தை மீட்பதில் இருக்கட்டும். தரகர்மீது மோசடிக்காக, புதிய தண்டனைச் சட்டத்தின் 318(4)-ஆம் பிரிவின்கீழ், தங்கள் காவல் நிலையத்தில் தாங்களே புகார் கொடுங்கள். ரொக்கமாகக் கொடுத்த தொகை, கொடுத்த இடம், உடனிருந்தவர் ஆகிய எல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்தப் புகாரின் நகலை வெளிமாநில அதிகாரிக்கும் அனுப்புங்கள். காரணம் இது: குற்றவாளிகள் தண்டிக்கப்பட்டு, கார் உரியவரிடம் சேர்ந்த பிறகு, கைதின்போது குற்றவாளியிடம் எடுத்த பணத்திலிருந்து, அறியாமல் வாங்கியவருக்கு அவர் கொடுத்த விலை வரை வழங்க நடைமுறைச் சட்டத்தின் 499-ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. தாங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பது வழக்குக் கட்டில் இன்றே ஏறியிருந்தால்தான் அன்றைக்குக் கேட்க முடியும். ஆனால் அதை மட்டும் நம்பி ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவும் கூடாது. விற்பனைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி, விற்கும் உரிமை தனக்கு உண்டு என்பது விற்பவர் சொல்லாமலே தரும் உறுதி. அது பொய்த்ததால் விலையைத் திரும்பக் கேட்டு உரிமையியல் வழக்குத் தொடர 3 ஆண்டுக் கெடு உண்டு. கார் கைப்பற்றப்பட்ட நாளிலிருந்து அதைக் கணக்கிடலாம் என்று வாதிட இடமிருந்தாலும், வாங்கிய நாளிலிருந்தே கணக்கிட்டு அதற்குள் வழக்கைத் தாக்கல் செய்துவிடுவது பத்திரம்.

வங்கிக்கும் இந்த வாரமே எழுதுங்கள். கார் போய்விட்டதால் கடன் போய்விடாது. தவணையை நிறுத்தினால் தாங்கள்தான் தவறியவர் ஆவீர்கள். ஆனால் கடன் தொகை யார் கணக்குக்குப் போனது என்பதற்கான சான்றை வங்கியிடம் முத்திரையுடன் கேட்டு வாங்குங்கள். விசாரணைக்குப் போகும்போது தங்கள் கோப்பின் முதல் தாளாக அதுவே இருக்கட்டும்.