தோண்டிப் பார்க்கிற பையன்

அன்புள்ள ஐயா,

சிறிய மழலையர் பள்ளி ஒன்று நடத்துகிறேன். மூன்றிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைகள். இந்த ஆண்டு வகுப்பில் ‘இயற்கை மூலை’ அமைத்திருக்கிறோம். விலங்குப் படங்கள், பிளாஸ்டிக் பழங்கள், செயற்கைப் புல்விரிப்பு எல்லாம் வாங்கியாயிற்று. இன்னும் என்னென்ன வாங்கலாம்? குழந்தை மண்ணில் விளையாடிவிட்டுப் போனால் பெற்றோர் சண்டைக்கு வருகிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது? இன்னொன்று. ஆளுக்கொரு கோப்பையில் அவரை விதை ஊன்றச் சொன்னோம். ஒரு பையன் தினமும் தோண்டிப் பார்த்துவிடுகிறான். இரண்டு விதை வீணாகிவிட்டது. கோப்பையை எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டேன். இப்படிப்பட்ட குழந்தைக்குப் பொறுமையை எப்படிக் கற்றுக்கொடுப்பது?

கே.

அன்புள்ள கே.,

கடிதம் வந்ததும் பதில் எழுதுகிற நல்ல பழக்கம் எனக்குக் கிடையாது. உங்களுக்கு உடனே எழுதக் காரணம் அந்தப் பையன். முதல் வேலையாகக் கோப்பையை இறக்கி அவன் கையில் கொடுங்கள்.

என்ன வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றும் வாங்காதீர்கள். பிளாஸ்டிக் பழம் அழுகாது, மணக்காது, அதில் எறும்பு மொய்க்காது. அதை வைத்துக்கொண்டு குழந்தை என்ன செய்யும்? அந்தப் புல்விரிப்பையும் சுருட்டி வையுங்கள். சரி, விதைக்கு வருகிறேன்.

ஊன்றிய மறுநாள் தோண்டினால் அவரை விதை உப்பிப்போய், தோல் சுருக்கம் சுருக்கமாக இருக்கும். இன்னும் ஓரிரு நாளில் தோல் கிழிந்து வெள்ளையாக ஒரு முனை எட்டிப்பார்க்கும். இலைதான் முதலில் வரும் என்று பெரியவர்களே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முதலில் வருவது வேர். விதையை எப்படிப் புரட்டிப் போட்டாலும் அது வளைந்து கீழேதான் போகும். அடுத்து வருகிற தண்டும் தலையை நிமிர்த்திக்கொண்டு வராது. கொக்கி மாதிரி குனிந்து, முதுகால் மண்ணை முட்டித் தள்ளிக்கொண்டு வரும். நுனியில் இருக்கிற குருத்து மண்ணில் உரசிக் கெட்டுவிடக் கூடாதே. வெளிச்சம் பட்ட பிறகுதான் நிமிரும். அவரை தன் இரண்டு பருப்பையும் மேலே தூக்கிக்கொண்டு வரும். பட்டாணி பருப்பை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டுக் குருத்தை மட்டும் மேலே அனுப்பும். தோண்டாதவனுக்கு இது எப்படித் தெரியும்? உங்கள் வகுப்பில் மற்ற பிள்ளைகள் இத்தனை நாளும் பார்த்தது ஈரமண்ணை. முளைக்கிறதைப் பார்த்தவன் இவன் ஒருவன்தான். அவன் கோப்பையைப் பிடுங்கி வைத்திருக்கிறீர்கள்.

விஞ்ஞானி சார்லஸ் டார்வின் வயதான காலத்தில் தன் மகன் பிரான்சிஸோடு சேர்ந்து செய்ததும் ஏறக்குறைய இதே சேட்டைதான். விதைகளை மண்ணில் புதைக்காமல் ஈரக்காற்றில் வைத்து, வேர் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தார்கள். வேர்நுனியை வெட்டிவிட்டும் பார்த்தார்கள். நுனி போன வேருக்குக் கீழே போகத் தெரியவில்லை. 1880இல் இதையெல்லாம் அச்சிட்டு வெளியிட்டார்கள். எத்தனை விதை வீணாகியிருக்கும்! அவர்களுக்குப் பொறுமை கற்றுக்கொடுக்க யாரும் கிளம்பவில்லை.

எங்கள் பாட்டி விதை ஊன்றும்போது ஓரமாக நாலைந்து விதையை எனக்கென்று தனியாகப் போடுவாள். “இது உன்னுது, நோண்டிக்கோ. அந்தப் பக்கம் கை வச்சே, கை இருக்காது” என்பாள். என் பக்கத்தில் ஒரு செடியும் உருப்பட்டதில்லை. நான் விதையைத் திரும்பப் புதைக்கிறபோது அவள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். வெகுகாலம் கழித்து ஃப்ரோபெல் என்கிற கல்வியாளரைப் பற்றிப் படித்தேன். 1837இல் ஜெர்மனியில் தொடங்கிய அவருடைய ஏற்பாட்டிலிருந்து வளர்ந்ததுதான் நீங்கள் நடத்துகிற மாதிரியான பள்ளி. அவர் பிள்ளைகளுக்கு வகுத்த தோட்டத்தில் ஆளுக்கொரு சின்னப் பாத்தி உண்டு, எல்லோருக்கும் சேர்த்துப் பொதுப் பாத்தியும் உண்டு. சொந்தப் பாத்தியில் பிள்ளை தன் இஷ்டப்படி நடலாம், செடியை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். கெடுத்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

ஆகவே நீங்களும் ஆளுக்கு இரண்டு கோப்பை கொடுங்கள். ஒன்று தோண்டுவதற்கு, இன்னொன்று தொடாமல் விடுவதற்கு. கண்ணாடி டம்ளரில் ஈரத்துணியைச் சுற்றி விதை வைத்தால் வெளியிலிருந்தே பார்க்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். நல்ல யோசனைதான், வையுங்கள். ஆனால் அதைக் காட்டி அவன் கோப்பையை வாங்கிவிடாதீர்கள். மண்ணுக்குள் விரலை விட்டுத் தேடுவது வேறு சங்கதி.

பொறுமை இல்லை என்கிறீர்கள். மூன்று நான்கு வயதுப் பிள்ளை ஒரு நாள்கூட மறக்காமல் வந்து, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறது. இதற்கு வேறு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்? ஒரு கூட்டம் குழந்தைகளைக் காலையிலிருந்து மேய்க்கிறவருக்குப் பிளாஸ்டிக் பழம் எவ்வளவு வசதி என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு விதை போனதற்கு வருத்தப்பட்டு ஊர்பேர் தெரியாத எனக்குக் கடிதம் எழுதுகிற டீச்சர் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்ததும் நல்லதுதான். அதனால்தான் உரிமையோடு திட்டுகிறேன்.

பெற்றோருக்குப் பெரிய விளக்கமெல்லாம் வேண்டாம். மாற்று உடுப்பு ஒன்று கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். வீட்டுக்கு அனுப்பும் முன் சோப்புப் போட்டுக் கைகளைக் கழுவி விடுங்கள். முக்கால்வாசிச் சண்டை அதிலேயே அடங்கிவிடும். மிச்சத்தைக் காதில் வாங்காதீர்கள்.

விதை விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். சாயம் பூசின விதை வேண்டாம், அதில் பூச்சிமருந்து கலந்திருக்கும். குன்றிமணியும் ஆமணக்கும் பள்ளிக்குள்ளேயே வரக் கூடாது, இரண்டும் விஷம். அப்புறம், மூக்கில் எதையாவது போட்டுக்கொள்கிற வயது அது, ஊன்றும்போது பக்கத்திலேயே இருங்கள். அடுத்த முறை அவனுக்கு அவரையோடு பட்டாணியும் கொடுத்துப் பாருங்கள். வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிட்டானா என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.