மாதம் ஒன்றரை லட்சம் சம்பளம் வாங்கும் மென்பொருள் ஊழியர் மார்க்சியப்படி தொழிலாளி வர்க்கமா?

நீங்களும் அந்தச் சம்பளக்காரர்தான் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் இந்தக் கேள்வி வந்திராது.

ஆம், தொழிலாளிதான். மார்க்ஸ் சம்பளச் சீட்டைப் பார்த்து வர்க்கம் பிரிக்கவில்லை. ஆலை, இயந்திரம், நிலம் போன்ற உற்பத்திச் சாதனம் யார் கையில், உழைப்புச் சக்தியை விற்றால்தான் அடுப்பெரியும் என்ற நிலை யாருக்கு என்றே பார்த்தார். அவருடைய ‘மூலதனம்’ நூலின் மூன்றாம் தொகுதியில் கடைசி அத்தியாயம் ‘வர்க்கங்கள்’. வருமானம் வரும் வழியைக் கொண்டு பிரித்தால் மருத்துவர்களும் அதிகாரிகளும்கூடத் தனித்தனி வர்க்கங்கள் ஆகிவிடுவார்களே என்கிறார். சில வரிகளில் கையெழுத்துப் பிரதியே நின்றுவிடுகிறது. அவர் இறந்து 11 ஆண்டுகள் கழித்து, 1894இல், அவருடைய தோழர் எங்கெல்ஸ் அதை அப்படியே அச்சிட்டார்.

எனக்கு இது புத்தகத்தில் புரியவில்லை. அப்பா கோவையில் நூற்பாலைத் தொழிலாளி, சங்கத்துக்காரர். நான் சென்னையில் 14 ஆண்டுகள் கணினி முன்னால். பதவி ‘மேலாளர்’, எனக்குக் கீழே ஒருவரும் கிடையாது. சங்கம் தொடங்கலாம் என்று இரண்டு இளைஞர்கள் வந்தபோது, “இதென்ன மில்லா?” என்று சிரித்து அனுப்பினேன். அடுத்த ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பத்து நிமிடத்தில் கம்பெனியில் என்னிடம் ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

வழக்கறிஞர் உதட்டைப் பிதுக்கினார். அப்போதிருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில், நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் தொழிலாளி அல்ல. செய்த வேலையைத்தான் நீதிமன்றம் பார்க்கும், பதவிப் பெயரை அல்ல. ஆனால் அதை நிரூபிப்பதற்குள் தலை நரைத்துவிடும் என்றார். அப்பா ஒன்றுதான் கேட்டார்: “உனக்காக வாசலில் நிற்க எத்தனை பேர் வந்தார்கள்?”

1852இல் பிரெஞ்சுச் சிறு விவசாயிகளை மூட்டையில் கிடக்கும் உருளைக்கிழங்கு என்றார் மார்க்ஸ். நிலைமை எல்லோருக்கும் ஒன்று, ஒருவரோடொருவர் ஒட்டு மட்டும் இல்லை. எங்கள் அலுவலகத் தளமும் அந்த மூட்டைதான். வர்க்கமாக இருப்பது வேறு, வர்க்கமாக எழுந்து நிற்பது வேறு. அரசியல் அந்த இடைவெளியில் இருக்கிறது.

நான் எந்தக் கட்சியிலும் இல்லை. சாதியை விட்டுவிட்டாயே என்று சிலர் வருவார்கள். நியாயம்தான், ஆனால் கேட்டவர் அதைக் கேட்கவில்லை. ஏசி அறையில் இருந்தவனுக்கு என்ன சுரண்டல் என்பவர்கள், என் வீட்டுக் கடனுக்கு மூன்று தவணை கட்டிவிட்டு வரட்டும்.

பி.எஃப். பணம் இன்னும் வரவில்லை. பழைய கம்பெனி கொடுத்த விவரத்தில் அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து பிழையாம். திருத்தித் தரச் சொல்லி நான்கு கடிதம் எழுதிவிட்டேன்.