ஏழை நாட்டில் சாவு, பணக்கார நாட்டில் செலவா? – கடிதம்

அன்புள்ள அண்ணா,

சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். சூறாவளிப் பாடத்தில் "வளர்முக நாடுகளில் உயிரிழப்பு அதிகம், வளர்ந்த நாடுகளில் பொருளிழப்பு அதிகம்" என்று குறிப்புக் கொடுப்பது வழக்கம். 2025 நவம்பரில் இலங்கையை அடித்த டித்வா புயலுக்குப் பிறகு ஒரு பிள்ளை கேட்டாள்: "அப்ப நாங்கள் பணக்கார நாடாகும்வரை செத்துக்கொண்டிருக்க வேண்டியதுதானா ரீச்சர்?" சரியான பதில் சொல்ல முடியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

அந்தப் பிள்ளை உங்கள் குறிப்பின் ஓட்டையைச் சரியாகப் பிடித்துவிட்டாள். குறிப்பு பொய்யில்லை, அரைகுறை. 1970இல் போலா சூறாவளி கிழக்குப் பாகிஸ்தானில், அதாவது இன்றைய பங்களாதேசத்தில், குறைந்தது மூன்று லட்சம் பேரைக் கொண்டுபோனது. 2005இல் கத்ரீனா அமெரிக்காவுக்குச் சுமார் 12,500 கோடி டொலர் நட்டம் வைத்தது. இந்த இரண்டை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குறிப்பு சரிதான்.

ஆனால் 2007 நவம்பரில் சிட்ர் பங்களாதேசத்தை அடித்தது. ஆறு மாதம் கழியமுன், 2008 மே மாதம் நர்கிஸ் மியன்மாரில் கரையேறியது. இரண்டும் ஒரே விரிகுடாவின் அயல்நாடுகள், இரண்டும் ஏழை நாடுகள், சிட்ர் நர்கிஸைவிட வலுக் குறைந்ததுமில்லை. சிட்ரில் இறந்தவர்கள் ஏறத்தாழ 3,400 பேர். நர்கிஸில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 1,38,000 பேர் அளவில். இந்த வித்தியாசத்தைத் தலைக்குரிய வருமானத்தை வைத்து விளக்க முடியாது.

போலாவில் பட்ட அடிக்குப் பிறகு, 1972இலேயே பங்களாதேசம் தொண்டர் படை ஒன்றைக் கட்டத் தொடங்கியது. ஒலிபெருக்கியும் கொடியுமாக ஊருக்குள் நடந்து போய்ச் சொல்லும் ஆட்கள். ஆனாலும் 1991இல் வந்த சூறாவளியில் இன்னுமொரு லட்சத்துக்கு மேல் சனம் செத்தது, அதிலும் பெண்கள் ஆண்களைவிடக் கூட. புருசன் வரட்டும் என்று வீட்டில் காத்திருந்தவர்கள், ஆண்கள் நிறைந்த கூடத்துக்குள் போகக் கூச்சப்பட்டவர்கள் என்று பல காரணம். அதன் பிறகு காப்பிடங்கள் ஆயிரக்கணக்கில் எழுந்தன, பெண்களுக்குத் தனி இடம் ஒதுக்கினார்கள், தொண்டர்களிலும் பெண்கள் கூடினார்கள். மாடு ஆடுகளை ஏற்றிவைக்க மண்மேடுகளும் உண்டு. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்த மண்மேடுதான். ஆட்டை விட்டிட்டு வா என்றால் எங்கள் ஊர் ஆச்சிமார் மட்டும் வந்துவிடுவார்களா?

மியன்மாரில் இதற்கு எதிர்மாறு. இந்திய வானிலை மையம் முன்கூட்டியே எச்சரித்தும் ஐராவதி ஆற்று டெல்டாவில் இருந்த சனத்துக்கு அது உரிய விதத்தில் போய்ச் சேரவில்லை. புயலுக்குப் பிறகும் இராணுவ ஆட்சி வெளிநாட்டு உதவியை வாரக்கணக்கில் இழுத்தடித்தது.

பணக்காரப் பக்கமும் குறிப்பு சொல்கிற மாதிரி இல்லை. கத்ரீனாவில் நியூ ஓர்லியன்சை விட்டு வெளியேறச் சொன்னார்கள், கார் இல்லாதவன் எப்படி வெளியேறுவான்? ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 2017இல் மரியா போர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியது, அதுவும் அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட தீவுதான். அங்கே அரசு ஏற்றுக்கொண்ட கணக்கு 2,975 சாவு. பெரும்பாலானவை காற்று ஓய்ந்த பிறகு, மாதக்கணக்காக மின்சாரமும் மருத்துவமும் இல்லாமல் வந்தவை.

"பொருளிழப்பு அதிகம்" என்பதும் டொலரில் எண்ணினால்தான். அதே மரியா டொமினிக்கா என்ற குட்டித் தீவில் வைத்த நட்டம் அந்த நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் 226 சதவீதம். கத்ரீனாவின் நட்டம் அமெரிக்காவுக்கு ஒரு சதவீதம் அளவில்தான். யாழ்ப்பாணத்துக் குருநகரில் ஒருவருடைய வள்ளமும் வலையும் போனால் அது எந்த உலக அட்டவணையிலும் தெரியாது. வீட்டில் நகை அடகுக்குப் போகும், பிள்ளை ரியூசனை விடும்.

"நாட்டின் வளர்ச்சி" என்று மொத்தமாகச் சொல்வதில் எனக்குள்ள எரிச்சல் இதுதான். யாழ்ப்பாணத்தில் ஒரே ஒழுங்கைக்குள்ளேயே இரண்டு நாடு இருக்கிறது. கனடாவில் அண்ணன் உள்ள வீட்டுக்கு அடுத்த கிழமையே காசு வந்து கூரை போடப்படும். பக்கத்துத் தகரக்கொட்டிலுக்கு நிவாரணப் பதிவு, விதானையார் (கிராம அலுவலர்) கையெழுத்து, பிறகு காத்திருப்பு. போதாததற்கு, வெளிநாட்டுக் காசில் காணியை மண்போட்டு உயர்த்தி மதில் கட்டுகிறவரின் வெள்ளம் கொட்டில்காரரின் குசினிக்குள்தான் போகிறது. தூர்ந்துபோன குளங்களையும் அடைபட்ட வெள்ளவாய்க்கால்களையும் சேர்த்துப் பாருங்கள், யாழ்ப்பாண நகரின் தாழ்வான பொம்மைவெளி ஏன் மார்கழிக்கு மார்கழி மிதக்கிறது என்று விளங்கும். இந்தக் கட்டடமெல்லாம் வளர்ச்சிக் கணக்கில்தான் ஏறுகிறது.

2008இல் நிஷா புயலின் வெள்ளம் வந்தபோது யாழ்ப்பாணத்துக்குத் தரைவழியான ஏ9 பாதை பூட்டியிருந்தது. யுத்த காலம், எல்லாமே கப்பலில் வரவேண்டும். அந்த நிலைமையை எந்த வருமான வகுப்பில் போடுவீர்கள்? டித்வாவிலும் 600க்கு மேற்பட்டோர் இறந்ததில் பெரும்பகுதி மலைப்பகுதி மண்சரிவுகளில். எச்சரிக்கை தமிழில் நேரத்துக்கு வரவில்லை என்ற முறைப்பாடு பலமாகவே எழுந்தது. நேரத்துக்குத் தமிழில் அறிவிக்க ஒரு நாடு பணக்கார நாடாக வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைக்கு இதை அப்படியே சொல்லுங்கள்.

பரீட்சைக்கு என்ன எழுதுவது என்றும் கேட்பாள். முதல் வரியில் புத்தகத்தில் உள்ளதை எழுதட்டும், புள்ளி அதற்குத்தான். அடுத்த வரியில் "எனினும்" போட்டுச் சிட்ரையும் நர்கிஸையும் எழுதட்டும். திருத்துகிறவர் அதற்கு வெட்டமாட்டார் என்று நம்புகிறேன்.