கறுப்பது வேறு, கன்றுவது வேறு

தோல் டாக்டர் பதில்கள்

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. கைக்குழந்தையிலிருந்தே கரப்பான் உண்டு. முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொள்வாள். மே மாதம் நீச்சல் வகுப்பில் சேர்த்தோம், காலை பத்து மணி வகுப்பு. 'குழந்தைகளுக்கானது' என்று போட்டிருந்த ஒரு சன்ஸ்க்ரீன் வாங்கிப் பூசினேன். ஐந்தே நிமிடத்தில் "எரியுதும்மா" என்று அழுதாள். மறுநாள் காலையில் பார்த்தால் கண்ணைச் சுற்றி வீக்கம். "நாங்க எல்லாம் என்னத்தப் பூசினோம், தேங்காய் எண்ணெய் போதும்" என்கிறார் என் மாமியார். எதைத்தான் வாங்குவது டாக்டர்?
- ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: முதலில் அந்த ட்யூபைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் அடுத்த தடவை எதை வாங்கக் கூடாது என்று தெரியும்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. அதுவும் தோல் டாக்டராகி ஒன்பது வருடம் ஆன பிறகு! என் மகனுக்கும் கரப்பான் உடம்பு. அவனுக்கு ஐந்து வயதில் தனுஷ்கோடி போனோம். அவனுக்கு ஒத்துக்கொள்ளும் சன்ஸ்க்ரீனை எடுத்து வைத்துவிட்டு, எடுத்து வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்தாயிற்று. வழியில் ஒரு மருந்துக் கடையில் டால்பின் படம் போட்ட ட்யூப் ஒன்று வாங்கினேன். திறந்தால் கிர்ணிப்பழ மிட்டாய் வாசனை. அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். அரிச்சல்முனையில் கால் மணி நேரம்கூட நிற்கவில்லை, கழுத்து முழுக்கத் திட்டுத்திட்டாகச் சிவந்து, மணலில் உட்கார்ந்து சொறிய ஆரம்பித்துவிட்டான். குடிக்க வைத்திருந்த இரண்டு பாட்டில் தண்ணீரையும் அவன் கழுத்தில் ஊற்றிக் கழுவினேன். திரும்பி வரும் வழியெல்லாம் தாகம்.

ராத்திரி லாட்ஜில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ட்யூபின் பின்பக்கத்தைப் படித்தேன். எறும்பு எழுத்து. முப்பது சொச்சம் சரக்கு. கடைசியில் 'பர்ஃப்யூம்'. அதற்குச் சற்று முன்னால் மெத்தில்ஐசோதயசோலினோன் என்று வாயில் நுழையாத ஒரு பெயர். க்ரீம் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கிற பொருள் அது. உலகம் முழுக்க இத்தனை பேருக்கு ஒவ்வாமை தருகிறதே என்று அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர்கள் சங்கம் 2013-இல் அதை 'ஆண்டின் அலர்ஜிப் பொருள்' என்றே அறிவித்தது. ஆண்டின் சிறந்த நடிகர் மாதிரி.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சன்ஸ்க்ரீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று என்னிடம் வருகிற குழந்தைகளில் பலருக்கு வெயிலைத் தடுக்கிற மருந்து ஒத்துக்கொள்ளாமல் போவதில்லை. கூடவே வருகிற வாசனையும் பதப்படுத்தும் பொருளும்தான் வம்பு செய்கின்றன. உங்கள் மகளுக்கு இரண்டு விஷயம் நடந்திருக்கலாம். பூசிய ஐந்து நிமிடத்தில் எரிந்தது, ஏற்கெனவே வெடித்த தோலில் காரம் பட்ட எரிச்சல். மறுநாள் கண்ணைச் சுற்றி வீங்கியதுதான் அலர்ஜி மாதிரித் தெரிகிறது. தொடு ஒவ்வாமை பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் முகம் காட்டும். வேறு எதற்காவது இதே போல வீங்கினால், எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கும் பேட்ச் டெஸ்ட் செய்துகொள்வது நல்லது. முதுகில் பட்டை ஒட்டி 48 மணி நேரம் விடுவார்கள். குழந்தை அதைப் பிய்க்காமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம்.

சரி, எதை வாங்குவது? முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள். டால்பினும் வாத்தும் தோலுக்குத் தெரியாது. 'ஹைப்போஅலர்ஜெனிக்' என்ற சொல்லையும் நம்பி வாங்காதீர்கள். அப்படிப் போடுவதென்றால் சோதித்துக் காட்டிவிட்டுப் போடு என்று 1975-இல் அமெரிக்க அரசின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒரு விதி கொண்டுவந்தது. அழகுசாதனக் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போய் 1977-இல் அந்த விதியையே ரத்து செய்ய வைத்துவிட்டன. அன்றிலிருந்து அங்கே அதற்குச் சட்டப்படி ஒரு அர்த்தமும் கிடையாது.

பின்பக்கத்தைத் திருப்புங்கள். வெயிலைத் தடுக்கும் பொருளாக சிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு இந்த இரண்டு மட்டும், அல்லது இரண்டில் ஒன்று மட்டும் இருக்க வேண்டும். ஆக்ஸிபென்சோன் (சில ட்யூப்களில் பென்சோஃபீனோன்-3 என்று மாறுவேடத்தில் இருக்கும்), ஆக்டோக்ரிலீன், அவோபென்சோன் என்று ஏதாவது கண்ணில் பட்டால் உங்கள் மகளுக்கு அது வேண்டாம். இவற்றில் சில, வெயில் படும்போது மட்டும் அலர்ஜி கிளப்பும். வீட்டுக்குள் பூசிப் பார்த்தபோது ஒன்றும் ஆகவில்லையே என்று நாம் குழம்பிப்போவோம். 2019-இல் அதே எஃப்.டி.ஏ. 16 சன்ஸ்க்ரீன் பொருள்களை மறுபடி எடுத்துப் பார்த்தபோது, பாதுகாப்பானது என்று சொல்லப் போதுமான தகவல் இருப்பதாக சிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு இரண்டை மட்டுமே முன்வைத்தது. இரண்டைத் தள்ளியது, மிச்சம் 12-க்கு இன்னும் ஆய்வு வேண்டும் என்றது. அந்தப் பன்னிரண்டும் விஷம் என்று அர்த்தமில்லை. கரப்பான் இல்லாத பிள்ளைகள் பூசிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

அப்புறம், 'ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ' என்று இருக்க வேண்டும். 'அன்சென்டட்' என்றால் வேறு: வாசனை தெரியாமல் இருக்கவே ஒரு வாசனைப் பொருளைச் சேர்த்திருக்கலாம். ஸ்ப்ரே வேண்டாம், மூச்சில் போகும். எஸ்.பி.எஃப். (தோலைக் கன்றவைக்கும் கதிரை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எண்) 30 போதும். 30 என்பது 97 சதவீதம் தடுக்கும், 50 என்பது 98. அந்த ஒரு சதவீதத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டுமா என்பது உங்கள் இஷ்டம். அதைவிட பி.ஏ. (தோலுக்குள் ஆழமாகப் போகும் யூ.வி.ஏ. கதிரைத் தடுக்கும் அளவு) என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மூன்று கூட்டல் குறியாவது இருக்கிறதா பாருங்கள்.

சிங்க் ஆக்சைடு பூசினால் முகம் திருநீறு பூசிய மாதிரி வெளுத்துத் தெரியும். மாநிறப் பிள்ளைகளுக்கு இன்னும் எடுப்பாகத் தெரியும். லேசாக நிறம் கலந்தது கிடைத்தால் வாங்கலாம். இல்லாவிட்டால் நீச்சல் குளத்தில் அவளை ஒரு திருநீற்றுப் பட்டையாக எல்லோரும் பார்க்கட்டும், என்ன இப்போது?

வாங்கியதும் நேரே முகத்துக்குப் போகாதீர்கள். முன்கையின் உள்பக்கம், கரப்பான் இல்லாத இடத்தில், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு, காலையிலும் மாலையிலும் ஒரு வாரம் பூசுங்கள். கடைசி இரண்டு நாள் அந்த இடத்தில் பத்து நிமிடம் காலை வெயில் படட்டும். சும்மா இருந்தால் தாடையோரம் பூசிப் பாருங்கள், பிறகு முகம். இமையில் வேண்டவே வேண்டாம், அங்கே தொப்பிதான் மருந்து. கரப்பான் கிளம்பி நீர் கசிகிற இடத்தில் எதையும் பூசாமல் முதலில் அதை ஆற்றுங்கள்.

இனி ஒரு கணக்கு. ட்யூபில் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப். எண் வருவது, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்தால். உங்கள் மகள் இருபது கிலோ இருப்பாள் என்று வைத்துக்கொண்டால், உடம்பின் தோல் பரப்பு சுமார் 8,000 சதுர சென்டிமீட்டர். முழு உடம்புக்கும் 16 கிராம். 50 கிராம் ட்யூப் மூன்றே தடவையில் காலி! தண்ணீரில் இருந்து வந்து துண்டால் துடைத்தால் திரும்பப் பூச வேண்டும். இந்தக் கணக்கு எந்த வீட்டுக்கும் கட்டுப்படியாகாது. அதனால்தான் எல்லோரும் பட்டாணி அளவு எடுத்து முகம், கை, கால் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறோம். எஸ்.பி.எஃப். 50 வாங்கிவிட்டு அதில் கால்வாசி பலனைக்கூட அனுபவிப்பதில்லை.

ஆகவே துணியை நம்புங்கள். முழுக்கை வைத்து முழங்கால் வரை வருகிற நீச்சல் உடை வாங்குங்கள், அடர்த்தியான நெசவு, கருநீலம் மாதிரி அழுத்தமான நிறம். மெல்லிய வெள்ளைப் பனியன் நனைந்தால் வெயிலை நிறைய உள்ளே விடும். உடைக்கு வெளியே தெரிகிற முகம், கழுத்து, கை, கெண்டைக்காலுக்கு மட்டும் தாராளமாக க்ரீம்.

அப்புறம் அந்தப் பத்து மணி வகுப்பு. தூத்துக்குடியில் மே மாதம் பத்து மணிக்கு அவளை நிற்கவைத்து நிழலைப் பாருங்கள். அவள் உயரத்தைவிட நிழல் குட்டையாக இருக்கும். நிழல் குட்டையானால் வெயில் உக்கிரம், அவ்வளவுதான் கணக்கு. ஏழு மணிக்கு ஒரு வகுப்பு இருக்குமே, அல்லது நாலரைக்கு மேல்? கேட்டுப் பாருங்கள். நீங்கள் வாங்கப்போகிற எந்த ட்யூபையும்விட அது அதிகம் உதவும். குளத்திலிருந்து ஏறியதும் நல்ல தண்ணீரில் குளோரின் போகக் குளிப்பாட்டி, ஈரம் காயும் முன்னே மாய்ஸ்சரைசர் தடவுங்கள்.

உங்கள் மாமியாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெய் நல்லதுதான், ராத்திரி தடவிவிடச் சொல்லுங்கள். வெயிலைத் தடுக்கும் வேலைக்கு அது ஆகாது. ஆனால் அவர் காலத்தில் உச்சிவெயிலில் எந்தப் பிள்ளையையும் தண்ணீரில் விட்டுவைக்கவில்லை, தலையில் ஒரு துண்டைப் போட்டு வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனார்கள். பாதி வைத்தியம் அதிலேயே முடிந்துவிட்டது.

கேள்வி: என் பையன் கிரிக்கெட் ஆடி ஆடிக் கறுத்துப்போய்விட்டான். எந்த சன்ஸ்க்ரீன் போட்டால் பழைய நிறம் வரும்?
- ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: எதுவும் இல்லை. சன்ஸ்க்ரீன் வெளுக்க வைக்கும் க்ரீம் கிடையாது. வெயிலில் கறுப்பது, தோல் தன்னைக் காத்துக்கொள்ளக் குடை பிடிக்கிற மாதிரி. விடுமுறை முடிந்து சில வாரத்தில் தானாகக் குறையும். சிவந்து, தொட்டால் வலித்து, தோல் உரிந்தால் அது கன்றிப்போவது. அதற்குத்தான் நாம் பயப்பட வேண்டும். தயவுசெய்து 'முகம் பளிச்சிடும்' என்று யாராவது கொடுக்கும் க்ரீமைப் பையனுக்குப் பூசாதீர்கள். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். மருந்துச் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு க்ரீம்களை விற்கக் கூடாது என்று அரசு 2018-லேயே சொல்லியாயிற்று. ஆனாலும் பெயர் சொல்லிக் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள். தோல் மெலிந்து, ரத்த நாளம் தெரிய, பருவோடு வருகிற பிள்ளைகளை வாரா வாரம் பார்க்கிறேன்.

கேள்வி: நாலு மாதக் குழந்தைக்குக் காலையில் வெயில் காட்டுகிறோம். சன்ஸ்க்ரீன் பூசலாமா?
- ஒரு வாசகி, கரூர்

பதில்: வேண்டாம். ஆறு மாதம் வரை நிழலும் மெல்லிய பருத்தித் துணியும்தான். எடைக்கு ஒப்பிட்டால் குழந்தையின் தோல் பரப்பு நம்மைவிட அதிகம், பூசுவது உள்ளே போகவும் வாய்ப்பு அதிகம். வைட்டமின் டி-க்காக வெயில் காட்டுகிறீர்கள் என்றால், முதல் வருடம் முழுக்கத் தினம் 400 யூனிட் சொட்டு மருந்தாகக் கொடுப்பது வழக்கம். உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள், ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருப்பார்.

கேள்வி: ஏழு வயது மகளின் கன்னத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. வயிற்றில் பூச்சி என்று மாத்திரை கொடுத்தோம், போகவில்லை. வெயிலில் போனால் அதிகமாகிறது.
- ஒரு வாசகி, தேனி

பதில்: போகாது, ஏனென்றால் அதற்கும் பூச்சிக்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலும் இது வறண்ட தோலில் வருகிற சாதாரணத் திட்டு. கரப்பான் உடம்புக்காரர்களுக்கு அடிக்கடி வரும். வெயிலில் திட்டு பெரிதாவதில்லை. சுற்றியுள்ள தோல் கறுப்பதால் எடுப்பாகத் தெரிகிறது. காலையும் இரவும் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், வெளியே போகும்போது மேலே தூத்துக்குடி வாசகிக்குச் சொன்ன சன்ஸ்க்ரீன். சோப்பைக் குறையுங்கள். நிறம் திரும்பப் பல மாதம் ஆகும். பள்ளியில் கொடுக்கும் பூச்சி மாத்திரையை வயிற்றுக்காகப் போட்டுக்கொள்ளட்டும். திட்டு பால் போல வெளுத்துக்கொண்டே வந்தாலோ, அந்த இடத்தில் இறகால் வருடினால் தெரியவில்லை என்று அவள் சொன்னாலோ காத்திருக்காமல் நேரில் அழைத்து வாருங்கள்.