அண்ணன் கட்சியா, தங்கை கட்சியா?

கேள்வி: இரண்டாம் உலகப் போர் பற்றிய 'பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்' டி.வி. தொடரைப் பார்த்து உருகிய என் அண்ணன், அதே போரைப் பற்றிய 'தி பசிபிக்' தொடரை மூன்றாவது பகுதியோடு நிறுத்திவிட்டார். எனக்கோ இதுதான் பிடித்தது. நீங்கள் யார் கட்சி? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: உங்கள் கட்சிதான்! ஆனால் அண்ணன் மேலும் தப்பில்லை. 2001-இல் வந்த 'பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்' ஒரே கம்பெனியின், அதாவது ஒரே அமெரிக்கப் படைப்பிரிவின் கதை. பயிற்சி முகாமிலிருந்தே கூட நடப்பதால் எல்லாரும் நம் பயல்கள் ஆகிவிடுகிறார்கள். 2010-இல் வந்த 'தி பசிபிக்' தொடரோ மூன்று மரைன்களின் (அமெரிக்கக் கடற்படைப் பிரிவு வீரர்கள்) பின்னால் ஆளுக்கொரு திசையில் ஓடுகிறது. போதாததற்கு, மூன்றாவது பகுதியில் மெல்போர்னில் ஓய்வு, காதல்! சரி, பசிபிக் கடலில் இருக்கும் பெலெலியூ தீவுச் சண்டை வரையாவது அவர் வந்திருக்கலாம். தண்ணீரில்லாமல் நாக்கு வறள, குண்டு மழையில் விமானத்தளத்தைக் கடக்கிறார்கள். அப்புறம் ஏழாவது பகுதியில், செத்துக் கிடக்கும் ஜப்பானியச் சிப்பாயின் பிளந்த மண்டைக்குள் ஒரு மரைன் சும்மா பொடிக்கல் எறிந்துகொண்டிருப்பான். சாப்பாட்டுத் தட்டோடு பார்க்க வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவையுங்கள்.