மூலநிரல் திறந்திருந்தால் திருடனுக்கு வசதிதானே?

கேள்வி: எங்கள் அலுவலகக் கணினிகளை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றலாம் என்கிறார்கள். லினக்ஸின் மூலநிரலை, அதாவது அது எழுதப்பட்ட நிரல் வரிகளை, யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்றால், அதிலுள்ள ஓட்டைகளைத் திருடனும் படித்துக்கொள்வானே? நிறுவனம் மூடி வைத்திருக்கும் மென்பொருள்தானே பாதுகாப்பானது?

பதில்: திருடனும் படிப்பான்; அதை மறுப்பதற்கில்லை. ஆனால் மூலநிரலை மறைத்து வைப்பதால் அவன் நின்றுவிடுவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளைப் பிரித்துப் பார்த்தும், தாறுமாறான தரவுகளைக் கொடுத்து அது எங்கே நிலைகுலைகிறது என்று சோதித்தும் ஓட்டைகளைக் கண்டுபிடிக்கும் வித்தை நன்றாகவே வளர்ந்திருக்கிறது. விண்டோஸின் கோப்புப் பகிர்வுப் பகுதியில் இருந்த ஓர் ஓட்டையை அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை அறிந்துகொண்டு, வெளியே சொல்லாமல் தன் உளவுக்குப் பயன்படுத்தி வந்தது. அதற்கான கருவி 2017 ஏப்ரலில் இணையத்தில் கசிந்தது. அந்தக் கருவியைக் கொண்டு, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் மே 12 அன்று பரவி, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் உட்பட உலகெங்கும் கணினிகளை முடக்கியது. மைக்ரோசாஃப்ட் அதற்கான திருத்தத்தை மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது என்பதையும், அதை நிறுவாத கணினிகளே சிக்கின என்பதையும் கவனியுங்கள்.

அதற்காகத் திறமூலம், அதாவது மூலநிரல் திறந்திருக்கும் மென்பொருள், என்றாலே பாதுகாப்பு என்று நான் சொல்ல மாட்டேன். இணையத்தில் தகவல்களை மறையாக்கி அனுப்ப அதன் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் ஹார்ட்பிளீட் என்னும் வழு 2012 முதல் 2014 வரை எல்லோர் கண்ணெதிரிலும் கிடந்தது. படிக்க அனுமதி எல்லோருக்கும் இருந்தது. உட்கார்ந்து படிக்கத்தான் ஆளில்லை. உலகமே பயன்படுத்திய அந்தத் திட்டத்தில் முழுநேரமாக உழைத்தவர்கள் ஓரிருவர்தான் என்பது அதன் பிறகே பலருக்குத் தெரிந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

2024இல் நடந்த எக்ஸ்இசட் விவகாரம் இதைவிடக் கூர்மையானது. எக்ஸ்இசட் என்பது கோப்புகளின் அளவைச் சுருக்கும் நிரல்தொகுப்பு. ஒரே ஒருவர் பராமரித்துவந்த அதில், ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் ஈராண்டுக்கு மேலாக ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கையைப் பெற்றார்; பிறகு லினக்ஸ் வழங்கிகளுக்குள் நுழைய ஒரு பின்கதவைச் செருகினார். அதை இயக்கிவைக்கும் முக்கியமான துண்டு, பொதுவில் இருந்த நிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டித் தந்த தொகுப்பில் மட்டும் இருந்தது. அதாவது, படிக்கக் கிடைத்தது ஒன்று, நிறுவப்பட்டது வேறொன்று. ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாவதைக் கவனித்து, காரணத்தைத் தேடிப் போய் அதைப் பிடித்தார். அவர் வேலை பார்ப்பது மைக்ரோசாஃப்டில். அந்த நிரலோ அவருடையதும் அல்ல, அவர் நிறுவனத்துடையதும் அல்ல. ஆயினும், யாரிடமும் அனுமதி கேட்காமல் அதன் உட்பகுதிவரை சென்று பார்க்க அவரால் முடிந்தது. திறந்திருப்பதன் மதிப்பு இதில்தான் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். மூடிய மென்பொருளாக இருந்திருந்தால், தாமதத்தைப் பற்றி ஒரு புகார் எழுதிவிட்டு நிறுவனத்தின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

கேள்வி: அப்படியானால் எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்: நீங்கள் தேர்ந்தெடுக்கும் மென்பொருளை இன்று யார் பராமரிக்கிறார்கள், ஓட்டை தெரிந்தால் திருத்தம் எத்தனை நாளில் வருகிறது, எந்த ஆண்டுவரை வரும் என்று முதலில் கேளுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. உங்கள் கணினிகள் இன்னும் அதில்தான் ஓடுகின்றன என்றால், பழைய நிலையிலேயே விட்டுவைப்பதைவிட மாறுவது மேல். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு ஐந்து ஆண்டுகள் திருத்தங்கள் கிடைக்கும். ஆனால் அவற்றை வாராவாரம் நிறுவும் பொறுப்பை யாரிடம் கொடுக்கப்போகிறீர்கள் என்பதை, மாறுவதற்கு முன்பே அலுவலகத்தில் பெயர் சொல்லி முடிவு செய்துவிடுங்கள்.